மெனு திறக்க ஏன் இவ்வளவு தாமதம்? உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கும் 400 மில்லி செகண்ட்

புது லேப்டாப், 16 ஜிபி ரேம், வேகமான பிராசஸர். எல்லாம் இருந்தும் மெனு மேல் மவுஸை வைத்தால் அது ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திறக்கிறதா? உங்கள் மெஷின் பலவீனமாக இருப்பது காரணம் இல்லாமல் இருக்கலாம். விண்டோஸில் சப்மெனு திறப்பதற்கு முன் 400 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு செலவு செய்து மெஷின் வாங்கினாலும் அந்தக் காத்திருப்பு அப்படியேதான் இருக்கும்.

மெனு மெதுவாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. எது உங்கள் பிரச்னை என்று தெரியாமல் 'பிசி பூஸ்டர்' ஆப் போடுவதும், 50,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் பார்ப்பதும் வீண் செலவு. காரணங்கள் என்னென்ன, எதற்கு என்ன தீர்வு, அதில் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேண்டுமென்றே ஏன் தாமதம் வைத்தார்கள்?

ஒரு மெனுவில் பத்து வரிகள் இருக்கின்றன. மூன்றாவது வரியில் மவுஸை வைத்ததும் வலது பக்கம் ஒரு சப்மெனு திறக்கிறது. அதன் கடைசி வரிதான் உங்களுக்கு வேண்டும். உங்கள் கை நேராக வலது பக்கம் போய், பிறகு கீழே இறங்காது. சாய்வாக, குறுக்கு வழியில்தான் போகும். அப்படிப் போகும்போது மவுஸ் நான்காவது, ஐந்தாவது வரிகளையும் தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு வரியும் தொட்டவுடன் தன் சப்மெனுவைத் திறந்தால், நீங்கள் தேடிப் போன மெனு பாதி வழியிலேயே காணாமல் போய்விடும்.

இதற்கு விண்டோஸ் கண்டுபிடித்த எளிய வழி, காத்திருப்பது. மவுஸ் ஒரு வரியில் 400 மில்லி செகண்ட் நின்றால்தான் 'இவர் இதைத்தான் கேட்கிறார்' என்று முடிவு செய்யும். கடந்து போனால் கண்டுகொள்ளாது.

ஆப்பிள் வேறு வழியில் போனது. 1980களின் நடுவில் அங்கே இடைமுக வடிவமைப்பாளராக இருந்த ப்ரூஸ் டோக்னாசினி, மவுஸ் இருக்கும் இடத்திலிருந்து சப்மெனுவை நோக்கி விரியும் ஒரு கற்பனை முக்கோணத்தை வரையறுத்தார். அந்த முக்கோணத்துக்குள் மவுஸ் சாய்வாகப் போனால் மெனு மாறாது. அதே யோசனையை அமேசான் தளத்தின் பெரிய பட்டியல் மெனுவில் பார்த்த பென் கேமன்ஸ் என்ற டெவலப்பர், 2013-ல் அதை அலசி எழுதினார். அதற்குப் பிறகு வெப் டெவலப்பர்கள் மத்தியில் இந்த முக்கோணம் பிரபலமானது. தாமதமே இல்லாமலும் இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியும் என்பதற்கு இதுதான் சாட்சி.

எவ்வளவு தாமதம் நமக்கு உறைக்கும்?

கம்ப்யூட்டர் பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள் என்று 1968-லேயே ராபர்ட் மில்லர் எழுதியிருக்கிறார். ஜேக்கப் நீல்சன் 1993-ல் தன் புத்தகத்தில் மூன்று எல்லைகளைச் சுருக்கமாகச் சொன்னார். இன்றும் அவைதான் அளவுகோல்.

• 0.1 செகண்டுக்குள் பதில் வந்தால் 'உடனே நடந்தது' என்று தோன்றும்.
• 1 செகண்ட் வரை தாமதம் தெரியும், ஆனால் யோசனை அறுபடாது.
• 10 செகண்டைத் தாண்டினால் கவனம் வேறு எங்கோ போய்விடும்.

400 மில்லி செகண்ட் என்பது 0.4 செகண்ட். முதல் எல்லையைப் போல நான்கு மடங்கு. வேலை கெடாது, ஆனால் 'இந்த சிஸ்டம் கொஞ்சம் மந்தம்பா' என்று சொல்ல வைக்கும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

'மெனு ஸ்லோ' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது நான்கு தனித்தனிப் பிரச்னை. உங்களுடையது எது என்று இந்த நான்கு கேள்விகளை வைத்துப் பாருங்கள்.

1. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தாமதமா? அப்படியானால் அது செட்டிங்கில் எழுதி வைத்த காத்திருப்பு அல்லது அனிமேஷன்.
2. முதல் முறை மட்டும் இழுத்து, இரண்டாம் முறை சட்டென்று திறக்கிறதா? பிரச்னை டிஸ்க்கில்.
3. ரைட் கிளிக் செய்தால் மட்டும் சுற்றுகிறதா? நீங்கள் இன்ஸ்டால் செய்த ஏதோ ஒரு சாப்ட்வேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.
4. வீட்டிலிருந்து வேலை செய்யும்போது மட்டும் தொங்குகிறதா? ஆபீஸ் நெட்வொர்க் டிரைவைச் சந்தேகப்படுங்கள்.

காத்திருப்பையும் அனிமேஷனையும் குறைப்பது எப்படி?

அனிமேஷனில் இருந்து தொடங்குங்கள். அட்மின் அனுமதி தேவையில்லை, ஆபத்தும் இல்லை. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் → அக்சஸிபிலிட்டி → விஷுவல் எஃபெக்ட்ஸ் போய், 'அனிமேஷன் எஃபெக்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் ஈஸ் ஆஃப் அக்சஸ் → டிஸ்ப்ளே பகுதியில் அதே மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும். மெனு வழுக்கிக்கொண்டு வருவதும் மங்கி மறைவதும் நின்றுவிடும். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும். பிடிக்கவில்லையென்றால் அதே சுவிட்சைத் திரும்ப ஆன் செய்தால் போச்சு.

அடுத்தது அந்த 400. இது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரிக்குள் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, 'கரண்ட் யூசர்' பிரிவில் கண்ட்ரோல் பேனல் → டெஸ்க்டாப் போனால், 'மெனு ஷோ டிலே' என்று ஒரு வரி இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து எண்ணை மாற்றலாம். கை வைப்பதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் அமலுக்கு வரும்.

எந்த எண் வைப்பது? இணையத்தில் பாதிப் பேர் '0 போடு' என்பார்கள். போட்டால் மேலே சொன்ன சாய்வு வழிப் பிரச்னை திரும்ப வந்து நிற்கும். கை கொஞ்சம் நழுவினாலும் மெனு தாவும், குறிப்பாக டச்பேட் பயன்படுத்துபவர்களுக்கு. 100-லிருந்து 150 வரை வைத்துப் பாருங்கள். உடனே திறந்த மாதிரியும் இருக்கும், கைக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். இந்த எண் பழைய பாணி மெனுக்களுக்குத்தான் பொருந்தும். விண்டோஸ் 11-ன் ஸ்டார்ட் மெனு வேறு முறையில் கட்டப்பட்டது. அதை இது தொடாது.

ரைட் கிளிக் மட்டும் ஏன் திணறுகிறது?

ஜிப் சாப்ட்வேர், ஆன்டிவைரஸ், கிளவுட் ஸ்டோரேஜ், கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் என ஒவ்வொன்றும் இன்ஸ்டால் ஆகும்போது ரைட் கிளிக் மெனுவில் தனக்கென்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறது. பார்க்க ஒரு வரிதான். பின்னால் ஒரு சிறு புரோகிராம் இருக்கிறது. நீங்கள் ரைட் கிளிக் செய்யும்போது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் இவை எல்லாவற்றையும் கூப்பிட்டு, 'உனக்கு இந்த ஃபைலில் வேலை இருக்கிறதா?' என்று கேட்கிறது. அதில் ஒன்று தூங்கி வழிந்தாலும் மொத்த மெனுவும் அதற்காகக் காத்திருக்கும். பந்தியில் ஒருவர் வரவில்லை என்பதற்காக எல்லோருக்கும் இலை போடாமல் இருப்பது மாதிரி.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ரைட் கிளிக் மெனுவைச் சுருக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற வரிகளை 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குப் பின்னால் தள்ளியது. ஆனால் நாம் தேடும் வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்பதால் ஒரு கிளிக் கூடிவிட்டது. ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் நேராக முழு மெனுவுக்கே போகலாம்.

திணறலுக்குக் காரணம் யார் என்று கண்டுபிடிக்க, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள 'ஆட்டோரன்ஸ்', நிர்சாஃப்டின் 'ஷெல்எக்ஸ்வியூ' என்ற இரண்டு இலவசக் கருவிகள் உதவும். பட்டியல் நீளமாக வரும். ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பார்க்காதீர்கள். மைக்ரோசாஃப்டுடையது அல்லாதவற்றில் பாதியை ஆஃப் செய்யுங்கள். மெனு வேகமானால் ஆள் அந்தப் பாதியில் இருக்கிறார். இல்லையென்றால் மறு பாதியில். மறுபடியும் அதைப் பாதியாக்குங்கள். 32 வரிகள் இருந்தாலும் 5 முயற்சியில் ஒற்றை ஆளிடம் வந்து நிற்பீர்கள்.

நெட்வொர்க் டிரைவ் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஆபீஸில் இருக்கும்போது சர்வர் ஃபோல்டர் ஒன்றை டிரைவாக மேப் செய்திருப்பீர்கள். வீட்டில் விபிஎன் இணைக்காதபோது அந்த சர்வர் பதில் சொல்லாது. எக்ஸ்ப்ளோரர் மட்டும் நம்பிக்கையோடு காத்துக்கொண்டிருக்கும். தேவையில்லாத மேப்பிங்கை டிஸ்கனெக்ட் செய்யுங்கள். தேவையென்றால் முதலில் விபிஎன், பிறகு மற்ற வேலை.

முதல் முறை மட்டும் இழுத்தால்?

ஒரு ஆப் மெனுவில் 200 ஆப்களின் பெயரும் ஐகானும் இருக்கின்றன என்று வையுங்கள். இவை டிஸ்க்கில் 200 இடங்களில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலைத் தேடி எடுக்க 10 முதல் 15 மில்லி செகண்ட் ஆகும். உள்ளே ஒரு தட்டு சுற்றி, ஒரு கை நகர்ந்து வந்து அந்த இடத்தைத் தொட வேண்டும். லேப்டாப்களில் பரவலாக இருந்த 5,400 ஆர்பிஎம் டிஸ்க்கில் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 11 மில்லி செகண்ட். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. சுமார் 0.1 மில்லி செகண்ட் போதும்.

இப்போது பெருக்கிப் பாருங்கள்.

• ஹார்ட் டிஸ்க்: 200 × 12 மில்லி செகண்ட் = 2.4 செகண்ட்
• எஸ்எஸ்டி: 200 × 0.1 மில்லி செகண்ட் = 0.02 செகண்ட்

இரண்டாம் முறை சட்டென்று திறப்பதற்குக் காரணம், படித்ததை சிஸ்டம் ரேமில் வைத்துக்கொள்வதுதான். ரேம் நிரம்பினால் அதைத் தூக்கிப் போட்டுவிடும், மறுபடி டிஸ்க்குக்குப் போகும். குரோமில் 40 டேப் திறந்து வைத்திருப்பவருக்கு மெனு அடிக்கடி 'முதல் முறை' போலவே நடந்துகொள்வது இதனால்தான்.

உங்கள் மெஷினில் இருப்பது எது? கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க் என்பதைப் பாருங்கள். ஹெச்டிடியா, எஸ்எஸ்டியா என்று அங்கேயே எழுதியிருக்கும். ஹெச்டிடி என்றால் வேறு எந்த டிப்ஸும் வேண்டாம். எஸ்எஸ்டி மாற்றுவதுதான் முதல் வேலை. சில ஆயிரம் ரூபாயில் முடிகிற விஷயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டுக்காக மெஷினை மாற்றலாமா என்பது நியாயமான கேள்வி. மெனு மெதுவாக இருப்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டு கடையில் போய் நிற்காதீர்கள்.

லினக்ஸ், மேக் பயன்படுத்துபவர்களுக்கு

லினக்ஸில் ஆப் மெனு எப்படி உருவாகிறது என்பது வெளிப்படையாகவே தெரியும். ஒவ்வொரு ஆப்புக்கும் 'டெஸ்க்டாப்' என்று முடியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். அதில் ஆப்பின் பெயர், ஐகான், இயக்கும் கட்டளை. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வகுத்த பொது வடிவம் இது என்பதால் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் இதே கதைதான்.

நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்களை ஒவ்வொரு முறையும் படிக்காமல் இருக்க, கேடிஇ அவற்றை 'சைக்கோகா' என்ற ஒரே தொகுப்பு ஃபைலாகச் சேர்த்து வைக்கிறது. ஜிடிகே ஐகான்களுக்கும் இதே போல ஒரு கேஷ் ஃபைல் உண்டு. புது ஐகான் தீம் போட்ட பிறகு மெனு இழுத்தால், அந்த கேஷ் உருவாகாமல் விட்டிருக்கலாம். அதற்கான கட்டளையை ஒரு முறை ஓட்டினால் சரியாகும்.

ஜிடிகே மெனுக்களில் சப்மெனு தாமதம் 225 மில்லி செகண்ட் என்று ஒரு செட்டிங் இருந்தது. அதைக் குறைக்கச் சொல்லும் பழைய டிப்ஸ் இன்னும் கண்ணில் படும். 2013-ல் வந்த ஜிடிகே 3.10 முதல் அந்த செட்டிங்கை சிஸ்டம் கண்டுகொள்வதே இல்லை. இன்று அதை மாற்றுவதில் பயன் இல்லை. அதற்குப் பதில் க்னோமில் அக்சஸிபிலிட்டி பகுதியில் அனிமேஷனைக் குறையுங்கள். கேடிஇ-யில் அனிமேஷன் வேகத்துக்கு ஒரு ஸ்லைடரே இருக்கிறது.

மேக்கில் மெனு தாமதம் பெரிய பிரச்னை இல்லை. கண்ணை இழுக்கும் அசைவுகள் வேண்டாமென்றால் அக்சஸிபிலிட்டியில் 'ரிட்யூஸ் மோஷன்' ஆன் செய்யலாம்.

ஆபீஸ் லேப்டாப்பில் இதையெல்லாம் செய்யலாமா?

அனிமேஷனை ஆஃப் செய்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரை பல நிறுவனங்கள் பூட்டி வைத்திருக்கும். பூட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், குறுக்கு வழி தேடாதீர்கள். ரைட் கிளிக் திணறலுக்கு ஐடி டீமில் டிக்கெட் போடுவதுதான் சரி. 'லேப்டாப் ஸ்லோ' என்று மட்டும் எழுதினால் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்று பதில் வரும். 'ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் மட்டும் 4 செகண்ட் ஆகிறது, இந்த சாப்ட்வேர் இன்ஸ்டால் ஆன பிறகு தொடங்கியது' என்று எழுதிப் பாருங்கள். வேலை நடக்கும்.

இன்னொன்று. 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்', 'பிசி பூஸ்டர்' என்று விளம்பரத்தில் வரும் எதையும் போடாதீர்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. மேலே சொன்ன நான்கு காரணங்களில் ஒன்றைக்கூட அவை தீர்க்காது. அதோடு, அவற்றில் சில ரைட் கிளிக் மெனுவில் தாங்களும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போகும்!

கடைசியில் எவ்வளவு நேரம் மிச்சம்?

கணக்கு போட்டுவிடுவோம். ஒரு நாளைக்கு 20 சப்மெனு திறக்கிறீர்கள், தாமதத்தை 400-லிருந்து 100-ஆகக் குறைத்துவிட்டீர்கள். 20 × 0.3 = 6 செகண்ட். வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 1,500 செகண்ட், அதாவது 25 நிமிடம். வருடம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

இப்போது வேறு ஒரு கணக்கு. ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1980-ல் கம்ப்யூட்டர் முன் நம் கை செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறித்தார்கள். மவுஸை ஓரிடத்துக்குக் கொண்டுபோக 1.1 செகண்ட். கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை மாற 0.4. சராசரி வேகத்தில் டைப் செய்பவருக்கு ஒரு கீ அழுத்த 0.28. கிளிக்குக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டார்ட் பட்டன், 'ஆல்' பட்டன், பிறகு ஆப் என்று மவுஸால் மூன்று இடம் போனால்: 0.4 + 3.3 + 0.6 = 4.3 செகண்ட். பட்டியலில் ஸ்க்ரோல் செய்து தேடும் நேரம் தனி. விண்டோஸ் கீயை அழுத்தி, ஆப் பெயரின் முதல் 4 எழுத்தைத் தட்டி, என்டர் அழுத்தினால் மொத்தம் 6 கீ: 1.68 செகண்ட். ஒரு முறைக்கு 2.62 செகண்ட் லாபம். நாளைக்கு 20 முறை, 250 நாள் என்றால் 13,100 செகண்ட். அதாவது 3 மணி 38 நிமிடம்!

மெனுவை வேகமாக்குவதைவிட மெனுவுக்கே போகாமல் இருப்பது கிட்டத்தட்ட 9 மடங்கு லாபம். பழகிக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்:

• விண்டோஸ் கீ + 1 முதல் 9: டாஸ்க்பாரில் வரிசையாக இருக்கும் ஆப்களைத் திறக்க.
• விண்டோஸ் கீ + எக்ஸ்: டாஸ்க் மேனேஜர், செட்டிங்ஸ் போன்றவை ஒரே சின்ன மெனுவில்.
• மேக்கில் கமாண்ட் + ஸ்பேஸ்: ஸ்பாட்லைட். ஹெல்ப் மெனுவின் தேடல் பெட்டியில் டைப் செய்தால் அந்த ஆப்பின் மெனு வரிகளையே தேடித் தரும்.
• எக்செல், வேர்டில் ஆல்ட் + கியூ: எந்த மெனுவில் இருக்கிறது என்று தெரியாத கட்டளையின் பெயரை டைப் செய்து தேட.

தினமும் திறக்கும் நான்கு ஆப்களை டாஸ்க்பாரில் முதல் நான்கு இடத்தில் பின் செய்யுங்கள். அனிமேஷனை ஆஃப் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வகையைப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. இதற்குப் பிறகும் மெனு இழுத்தால், அப்போது ரெஜிஸ்ட்ரி பக்கம் போகலாம். புது லேப்டாப் கடைக்குப் போவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.